மும்பை எக்ஸ்பிரஸும் தமிழ்ச் சினிமாவின் இருண்ட நகைச்சுவையும்

மும்பை எக்ஸ்பிரஸ் 2005 ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டையொட்டி வெளிவந்த திரைப்படம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய இப்படத்தைக் கமல்ஹாசன் எழுதி, நடித்து, தமது ராஜ்கமல் நிறுவனத்தின் மூலம் தயாரித்தார். இசை இளையராஜா. படச்சுருளைத் தவிர்த்து டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்ட தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்றான இது, இந்தியிலும் அதே பெயரில் உருவானது. வெளியானபோது போதிய வரவேற்பைப் பெறாத இப்படத்தை ரசிகர்கள் இன்று தேடிப் பார்க்கின்றனர். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை, ஆள்கடத்தலைக் கருவாகக் கொண்ட மூன்று படங்களின் வழியே காணலாம்.

இருண்ட நகைச்சுவை என்றால் என்ன?

சாவு, குற்றம், வறுமை போன்ற அஞ்சத்தக்க, அழத்தக்க நிகழ்வுகளிலிருந்தே சிரிப்பை எழுப்புவது இருண்ட நகைச்சுவை. கோயன் சகோதரர்களின் 'ஃபார்கோ' (1996) இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. பணத்துக்காகத் தன் மனைவியையே கடத்த ஏற்பாடு செய்யும் ஒருவனின் திட்டம் படிப்படியாகச் சிதைவதே அதன் கதை.

1987: பேசும் படம்

சிங்கீதமும் கமலும் இவ்வகையை முன்பே கையாண்டிருந்தனர். உரையாடலே இல்லாத 'புஷ்பக விமானா', தமிழில் 'பேசும் படம்' என்று வெளியானது. வேலையில்லாத இளைஞன் ஒருவன், குடிபோதையில் கிடக்கும் செல்வந்தரைக் கடத்தி அடைத்துவிட்டு, அவருடைய ஓட்டல் அறையில் வாழ்கிறான். பிச்சைக்காரர் ஒருவர் இறந்ததும், அவர் சேர்த்து வைத்த பணத்துக்காக மக்கள் அடித்துக்கொள்கின்றனர். பிணத்தைக் கவனிப்பார் இல்லை. ஆனால் இறுதியில் நாயகன் மனந்திருந்துகிறான். அந்த அறம் பார்வையாளருக்கு ஆறுதல் தந்தது. படம் தேசிய விருதும் பெற்றது.

2005: மும்பை எக்ஸ்பிரஸ்

பள்ளியிலிருந்து ஒரு சிறுவனைக் கிரேன் மூலம் தூக்கிக் கடத்த ஒரு கும்பல் திட்டமிடுகிறது. கும்பலில் ஒருவனுக்கு விபத்து நேர, காது சரியாகக் கேளாத மோட்டார் சைக்கிள் சாகசக்காரன் அவினாசி அவனிடத்தில் சேர்கிறான். கடத்தப்படுவதோ வேறொரு சிறுவன். அவனுடைய தந்தை ஒரு காவல் அதிகாரி. மகன் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாதவர். 'விருமாண்டி'யில் (2004) கொடூரமான வில்லனாக வந்த பசுபதி, இதில் தடுமாறும் குற்றவாளியாகச் சிரிக்க வைத்தார்.

தோல்விக்குப் பலரும் சொல்லும் காரணம் போட்டி. அதே புத்தாண்டுக்குச் 'சந்திரமுகி'யும் 'சச்சி'னும் வந்தன. சந்திரமுகி சென்னையில் 800 நாள்களுக்கு மேல் ஓடியது. ஆங்கிலத் தலைப்பை எதிர்த்துத் தமிழ் அமைப்புகள் போராடியதும் உண்டு.

ஆனால் அவை முழு விடை அல்ல. போட்டிப் படங்கள் இரண்டிலும் வடிவேலு இருந்தார். எங்கே சிரிக்க வேண்டும் என்பது பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மும்பை எக்ஸ்பிரஸில் தனி நகைச்சுவைப் பகுதி இல்லை, குற்றமே நகைச்சுவை. நாயகனின் செவிக்குறை இரக்கத்தைக் கோராமல், திட்டத்தைக் குழப்பும் கருவியாகிறது. தவறாகக் கேட்கும் ஒரு சொல்லைப் பார்வையாளர் தவறவிட்டால் அடுத்த சிரிப்பையும் தவறவிடுவார். திரையரங்கில் ஒருமுறை பார்ப்பவருக்கு இது கடினம். வீட்டில் மீண்டும் பார்ப்பவருக்கு இதுவே இன்பம்.

2013: சூது கவ்வும்

எட்டு ஆண்டுகளுக்குப் பின், நலன் குமாரசாமி இயக்கிய 'சூது கவ்வும்' பெருவெற்றி பெற்றது. இங்கும் கடத்தல் கும்பல் திறமையற்றது. இங்கும் திட்டம் தடம்புரள்கிறது. ஆனால் விஜய் சேதுபதியின் தாஸ், கடத்தலுக்கான ஐந்து விதிகளை முதலிலேயே அறிவித்துவிடுகிறான். ஆட்டத்தின் விதிகள் பார்வையாளருக்கும் தெரிந்துவிடுவதால், அவை மீறப்படும்போது சிரிப்பு எளிதில் எழுகிறது. அதே ஆண்டில் நவீன் இயக்கிய 'மூடர் கூட'மும் வெளிவந்து இவ்வகைக்கு வலுச் சேர்த்தது.

மதிப்பீடு

சூது கவ்வும் தன் பார்வையாளரைப் பழக்கிக்கொண்டு கதையைத் தொடங்கியது. மும்பை எக்ஸ்பிரஸ் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருப்பதாக நம்பித் தொடங்கியது. முதல் வாரத்து வசூலைக் கொண்டு ஒரு படத்தின் இடத்தை முடிவு செய்யும் வழக்கத்துக்கு இது ஒரு மறுப்பு. அந்த வசூல் அன்றைய பார்வையாளரின் பழக்கத்தையும் சேர்த்தே அளந்தது. படம் மாறவில்லை, பார்வையாளர் மாறினர்.