பைண்டு புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு

தன்பாத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் "கரிச் சுரங்கத்துல கம்ப்யூட்டருக்கு என்னப்பா வேலை?" என்று சித்தப்பா கேட்காமல் விடுவதில்லை. நெய்வேலியைப் பார்த்தவர் அவர். சுரங்கம் என்றால் அவருக்குத் திறந்தவெளிப் பள்ளமும் ராட்சத இயந்திரமும்தான். இங்கே ஜரியா பக்கம் பூமிக்குள் இறங்கி வேலை செய்த கதை நூறு வருடத்துக்கும் மேல். முழுதாகச் சொன்னால் காபி ஆறிவிடும் என்பதால் "கணக்கு எழுதற வேலை சித்தப்பா" என்று தப்பித்துவிடுவேன். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம் 1901ல் வந்தது. அடுத்த வருடமே கல்கத்தாவில் சுரங்கங்களைச் சோதிக்க ஓர் அலுவலகம் திறந்தார்கள். 1908ல் அது தன்பாத்துக்கு மாறியது. இன்று டிஜிஎம்எஸ் என்று இங்கே குழந்தைக்கும் தெரிந்த அலுவலகம் அதுதான். அன்றிலிருந்து சட்டம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: எழுதி வை. 1952ஆம் வருடச் சட்டப்படி, எந்த நேரத்தில் கேட்டாலும் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பெயரோடு காட்டும் பதிவேடு இருக்க வேண்டியிருந்தது. 1957ஆம் வருட விதிகளில் மைனிங் சிர்தாருக்கு ஒரு வேலை. ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் அவர் தன் பகுதியைச் சுற்றிவந்து, கூரை, காற்று, வாயு எல்லாம் பார்த்து, பக்க எண் போட்ட பைண்டு புத்தகத்தில் எழுத வேண்டியிருந்தது. பக்க எண் எதற்கு? பின்னால் யாரும் தாளைக் கிழித்துவிடக் கூடாது என்றுதான். ("ஆடிட் ட்ரெயில்" என்று நாங்கள் இன்று பெரிதாகப் பேசுவதை அந்தக் காலக் குமாஸ்தாக்கள் பைண்டிங் நூலிலேயே முடித்துவிட்டார்கள்!)

இன்னொன்று லேம்ப் ரூம். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட தலைவிளக்கு. சார்ஜ் ஆகும் ராக்கில் எத்தனை இடம் காலியோ, அத்தனை பேர் உள்ளே. கரண்டே வேண்டாத டேட்டாபேஸ்.

ஆனால் எழுதி வைத்தால் போதுமா? 1975 டிசம்பர் 27. தன்பாத் அருகே சாஸ்னாலா. பழைய, கைவிடப்பட்ட பகுதியில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு வேலை நடக்கும் பகுதிக்குள் பாய்ந்தது. இறந்தவர்கள் 375 பேர். சில இடங்களில் 372 என்றும் எழுதியிருக்கிறார்கள். ஐம்பது வருடம் ஆகியும் அந்த மூன்று பேர் ஒரு கணக்கில் இருக்கிறார்கள், இன்னொன்றில் இல்லை. (அமிதாப்பின் 'காலா பத்தர்' இந்த விபத்தை வைத்து எடுத்த படம். இங்கே டீக்கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.)

2001 பிப்ரவரி 2, பாக்டிகி. மறுபடி நீர். இந்த முறை பக்கத்துக் கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து. 29 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் க்வீக்ரீக்கில் ஒன்பது பேர் நீரில் சிக்கி, 77 மணி நேரம் கழித்து உயிரோடு மீண்டார்கள். பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் அவர்கள் கையில் இல்லை. இருந்த வரைபடத்தை நம்பித் தோண்டியிருந்தார்கள். இன்று முப்பரிமாணத்தில் சுரங்கத்தையே சுழற்றிக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. அதற்குள் போடுவது அறுபது வருடத்துக்கு முந்தைய சர்வேயரின் கோடு என்றால், தப்பும் முப்பரிமாணத்தில் அழகாகத் தெரியும். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் சுரங்கத்துக்குள் வந்தது ஒன்றும் நேற்று இல்லை. பிரிட்டிஷ் நிலக்கரி வாரியம் 1970களிலேயே மினோஸ் என்ற அமைப்பை உருவாக்கி, கன்வேயர், பம்ப், காற்றின் நிலை எல்லாவற்றையும் மேலே ஓர் அறையிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்தது. அதன் பேரன்களைத்தான் நாங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இனி என் கதை. எந்தச் சுரங்கம் என்று சொல்லப்போவதில்லை. சிர்தாரின் பைண்டு புத்தகத்தோடு கூடவே ஒரு டேப்லெட்டும் கொடுத்தோம். பதினெட்டு கேள்விகள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லாக் கேள்விக்கும் "சரி" என்பதை முன்கூட்டியே நிரப்பி வைத்தேன். நான்தான் வைத்தேன். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. மாதக் கடைசியில் பார்த்தால் முப்பது நாளும் ஒரே பதில்கள், முப்பது நாளும் ஒரே மீத்தேன் அளவு. மீட்டிங்கில் அதைப் பச்சை நிறத்தில் காட்டினோம். எல்லோரும் பாராட்டினார்கள்.

ஒரு வயதான சிர்தார் மட்டும் வெளியே வந்ததும் இந்தியில் சொன்னார்: "பாபு, புத்தகத்துல கையெழுத்து போடறப்ப ஒரு நிமிஷம் பேனா நிக்கும். இதுல விரல் நிக்கவே இல்ல." அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நியூசிலாந்தின் பைக் ரிவர் விசாரணை ஆணைய அறிக்கையைத் தேடிப் படித்தேன். 2010 நவம்பர் 19ல் நடந்த வெடிப்பு. இருவர் வெளியே வந்தார்கள், 29 பேர் வரவில்லை. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். நம் விதிப்படி 1.25 சதவீதம் வந்தாலே ஆட்களை வெளியேற்றிவிட வேண்டும். வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில், மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 அறிக்கைகள் வந்திருக்கின்றன. அதைவிடக் குறைவு, ஆனாலும் ஆபத்தானது என்று இன்னும் 27. நாளுக்கு ஒன்று வீதம்! கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள், எழுதினார்கள், மேலே அனுப்பினார்கள். என் சிர்தார்களைப் போல 'சரி' என்று தட்டிவிடவில்லை. நிறுத்தும் அதிகாரம் இருந்த மேசைகளில் அந்தத் தாள்களைச் சேர்த்துப் படித்து, "இன்று யாரும் இறங்க வேண்டாம்" என்று சொல்ல யாரும் இல்லை.

பாதி பிரச்சினையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுதுகிறவரைப் பற்றியே யோசித்தேன். படிக்கிறவரை மறந்துவிட்டேன். இங்கே 2017ல் வந்த நிலக்கரிச் சுரங்க விதிகள் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் கட்டாயம் என்றன. உடனே சந்தையில் மென்பொருட்கள் குவிந்தன. பெரும்பாலானவற்றில் நிரப்புகிற படிவம் ஐம்பது இருக்கும். யார் படித்தார் என்று கேட்கும் கட்டம் ஒன்றுகூட இருக்காது.

அடுத்த வெர்ஷனில் இரண்டு மாற்றம் செய்தோம். முதலில் "சரி" போனது. எல்லாக் கட்டமும் காலி. சிர்தார் தானே தொட்டு நிரப்ப வேண்டும், வாயு அளவை எண்ணாகவே எழுத வேண்டும். நேரம் கூடுகிறது என்று முணுமுணுப்பு வந்தது. வந்தால் வரட்டும். இரண்டாவது, ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் "படித்தவர், நேரம்" என்று ஒரு வரி. அது நிரம்பாமல் அடுத்த ஷிஃப்டின் பட்டியல் திறக்காது. இந்த இரண்டாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். சிர்தார்களிடமிருந்து இல்லை, மேலே இருந்தவர்களிடமிருந்து. மூன்று மீட்டிங்கில் அடிபட்டு, சோதனைக்காக ஒரே ஒரு சுரங்கத்தில் மட்டும் விட அனுமதித்தார்கள். அங்கும் பட்டியலைப் பூட்டக்கூடாது, வரி மட்டும் இருக்கலாம் என்று நிபந்தனை.

முதல் மாதம் முழுக்க அந்த வரி காலி. இரண்டாவது மாதம் ஒன்பதாம் தேதி முதல் பெயர் வந்தது, காலை 5.40க்கு. உதவி மேனேஜர் ஒருவர். அதன் கீழே அவரே கேட்காமல் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: மூன்றாவது கேலரியில் காற்றோட்டம் குறைவு, பார்த்துவிட்டு ஆட்களை அனுப்பவும்.

அந்த ஸ்க்ரீனை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பொங்கலுக்குப் போகும்போது சித்தப்பாவிடம் காட்ட வேண்டும்.