ஆவிதான் எரிந்தது

லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கின் வட எல்லையில், அவென்யூ ரோட் தொடங்கும் இடத்துக்கு நேரே, கால்வாயின் குறுக்கே மக்கிள்ஸ்ஃபீல்ட் பாலம் நிற்கிறது. ஊர்ச்சனம் வைத்த பெயர் ‘புளோ அப் பிரிட்ஜ்’. கீழே இறங்கிப் போய் அதன் வார்ப்பிரும்புத் தூண்களைப் பாருங்கள். படகிழுத்த குதிரைகளின் கயிறு ஆண்டுக்கணக்காக உராய்ந்து இரும்பை அறுத்த தடங்கள் தெரியும். கயிறு படவே வழியில்லாத பக்கத்திலும் அதே தடங்கள் இருக்கும். 1874 இல் பாலம் வெடித்து விழுந்த பிறகு அதே தூண்களைத் திரும்ப நிறுத்தியவர்கள், தேயாத பக்கம் கயிற்றுக்கு வரும்படி திருப்பி நிறுத்தினார்கள். பிறகு வந்த கயிறுகள் அந்தப் பக்கத்தையும் தேய்த்தன.

இந்தப் பாலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வெடிமருந்துப் படகு வெடித்த கதையாகத்தான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, உழைக்கும் வயதின் பெரும்பகுதியை வடமேற்கு லண்டனின் பெற்றோல் ஷெட்டுகளில் கழித்தவன் நான். என் கண்ணுக்கு இது வெடிமருந்தின் கதை அல்ல. அதே படகில் மளிகைச் சாமானோடு சாமானாக ஏற்றப்பட்ட சில பீப்பாய் பென்ஸொலினின் கதை. நிலத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது முதலில் ஆவியாகி வரும் மிக இலேசான பகுதியே பென்ஸொலின். அந்தக் காலத்தில் பஞ்சு அடைத்த சிறு விளக்குகளில் ஊற்றி எரித்தார்கள். இன்று நாங்கள் விற்கும் பெற்றோலுக்கு மிக நெருங்கிய சொந்தம்.

1874 ஒக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. கிராண்ட் ஜங்ஷன் கால்வாய்க் கம்பெனியின் படகுகள் சில, சிற்றி ரோட் துறையிலிருந்து விடியுமுன் புறப்பட்டன. ‘ரெடி’ என்ற நீராவி இழுவைப் படகு முன்னே போக, மற்றவை கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நடுவே போன படகின் பெயர் ‘டில்பரி’. அதில் சர்க்கரை, கொட்டைகள், பென்ஸொலின் பீப்பாய்கள், ஏறக்குறைய 5 டன் வெடிமருந்து. ஐந்து மணிக்குச் சற்று முன் அது மக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்தின் அடியில் நுழைந்தபோது வெடித்தது. டில்பரியில் இருந்த 3 பேரும் இறந்தார்கள். பாலம் இல்லாமல் போயிற்று. பக்கத்து மிருகக்காட்சிச்சாலையின் கண்ணாடிகள் நொறுங்கின. அருகே குடியிருந்த ஓவியர் லோரன்ஸ் அல்மா ததேமாவின் வீடு சிதைந்தது. அந்த இடத்தில் கால்வாய் ஆழமான பள்ளத்துக்குள் ஓடுவதால்தான் சென்ட் ஜோன்ஸ் வூட் பகுதி அன்று பிழைத்தது. வெடிப்பின் பெரும்பங்கை இரண்டு பக்கத்து மண்கரைகளும் பாலமும் வாங்கிக்கொண்டன.

விசாரிக்க வந்தவர் மேஜர் விவியன் மஜென்டி, அரசாங்கத்தின் வெடிமருந்துப் பரிசோதகர். அவரது விசாரணையில் தெளிவான விடயம் இதுதான்: பீப்பாய்களிலிருந்து கசிந்த பென்ஸொலினின் ஆவி படகுக்குள் பரவியது, படகின் சிற்றறையில் இருந்த நெருப்போ விளக்கோ அதைப் பற்ற வைத்தது, எரிந்த ஆவி வெடிமருந்தைப் போய்த் தொட்டது. மரண விசாரணை ஜூரிகளும் இதை ஏற்றுக்கொண்டு, கம்பெனியின் கவனக்குறைவைக் கண்டித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. நாங்கள் வேலை செய்யும் இடத்தில் நாளாந்தம் பயப்படுவது இதற்குத்தான். பெற்றோல் என்ற திரவம் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீரைப்போலத் தாழ்வான இடம் தேடி ஓடும், குழியில் தேங்கும், கதவின் கீழ் இடுக்கால் நுழையும். கண்ணுக்குத் தெரியாது. வெகுதூரத்தில் ஒரு பொறி கிடைத்தாலும் வந்த வழியே நெருப்பாகத் திரும்பும். அடித்தட்டில் சரக்கு, அதே தட்டின் கோடியில் அடுப்பு என்று அமைந்த படகில் அந்த ஆவி வேறு எங்கே போயிருக்கும்?

சட்டம் இல்லாமல் இருக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1862 ஆம் ஆண்டிலேயே பெற்றோலியத்துக்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. 100 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே எரியும் ஆவி விடுகிற எண்ணெயை, வீட்டுக்கோ சரக்கறைக்கோ 50 யார் தூரத்துக்குள் 40 கலனுக்கு மேல் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடாது என்றது அது. 1871 இல் வந்த சட்டம் இன்னும் இறுக்கமானது. ஆனால் எந்த எண்ணெய் எத்தனை பாகையில் ஆவி விடும் என்று அளப்பதிலேயே சண்டை. திறந்த கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கி, மேலே சுடரைக் காட்டிப் பார்த்தார்கள். கிண்ணம் திறந்திருப்பதால் அறைக் காற்று ஆவியைக் கலைத்துவிடும். ஒரே பீப்பாய் எண்ணெய்க்கு வியாபாரியின் ஆள் ஒரு விடை சொல்வான், பரிசோதகர் இன்னொரு விடை சொல்வார். இதற்கிடையில் விளக்கெண்ணெயில் மலிவான இலேசான எண்ணெயைக் கலந்து விற்றார்கள். ஏழை வீடுகளில் விளக்கு வெடித்தது.

இதற்கு முடிவு கட்டியவர் ஃபிரடெரிக் ஏபல். வூல்விச்சில் இருந்த இராணுவத்துறையின் இரசாயனர். பிற்பாடு ஜேம்ஸ் டூவரோடு சேர்ந்து கோர்டைட் கண்டுபிடித்தவர் என்றுதான் பாடப்புத்தகங்கள் அவரை நினைக்கின்றன. எனக்கு அவருடைய மூடிய கிண்ணம்தான் பெரிது. எண்ணெயைச் சிறு பித்தளைக் கிண்ணத்தில் விட்டு மூடி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து மெல்லச் சூடேற்றுவார்கள். பாகைக்குப் பாகை மூடியின் சின்ன வாசலைத் திறந்து மணியளவான ஒரு சுடரை உள்ளே தொட்டு எடுப்பார்கள். நீலமாக ஒரு மின்னல் ஓடினால் அதுதான் அந்த எண்ணெயின் ‘ஃபிளாஷ் பொயின்ற்’. 1879 இல் சட்டம் இந்தக் கருவியை ஏற்று, 73 பாகை பாரன்ஹீட்டை எல்லையாக வைத்தது. அதாவது ஏறக்குறைய 23 பாகை செல்சியஸ். இந்தியப் பெற்றோலியச் சட்டத்தில் இன்றைக்கும் மிக ஆபத்தான ‘ஏ’ வகுப்பு எது என்று பாருங்கள்: 23 பாகைக்குக் கீழே ஆவி பற்றுவது. வூல்விச் மனிதர் கிழித்த கோடு சென்னைத் துறைமுகத்துக் குதங்களிலும் செல்லும்.

லண்டனில் 23 பாகை என்பது நல்ல வெயில் நாள். எங்கள் பக்கம் மார்கழி விடியலைத் தவிர அந்த அளவுக்குக் குளிர்வது அருமை. ஆகவே அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற எந்த எண்ணெயும் எங்கள் ஊரில் அநேகமாக எந்நேரமும் எரியும் ஆவி விட்டபடி இருக்கும்.

இந்த ஃபிளாஷ் பொயின்றை யாழ்ப்பாணம் புத்தகம் இல்லாமலே படித்தது. 1990 க்குப் பின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வரவில்லை. மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் பற்றும் அளவுக்கு ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பொன்போலக் காத்த பெற்றோலைச் சில துளி விட்டு, உதைத்துக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய்க்கு ஆவியாகச் சூடு வேண்டும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் ஆவி விடும். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அந்த விளக்கில் ஒரு தரமாவது பெற்றோல் கலந்த எண்ணெய் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, டில்பரியைப் பற்றிப் படித்த பிறகுதான் நெஞ்சு நடுங்கிற்று.

வெடிமருந்துக்குச் சட்டம் உடனே கிடைத்தது. 1875 ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் ஏற்கெனவே பேச்சில் இருந்தது. கால்வாய் வெடிப்பு அதை விரட்டியது. செய்வது, வைப்பது, கொண்டுபோவது எல்லாவற்றுக்கும் அனுமதி, எல்லாவற்றுக்கும் பரிசோதகர். 9 ஆண்டுகள் கழித்து, 1884 இல் இந்தியாவுக்கும் ஒரு வெடிபொருள் சட்டம் வந்தது. சிவகாசிப் பட்டாசு ஆலைகள் இன்றும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் உரிமம் வாங்குகின்றன. பிரித்தானியாவில் எண்ணெய்ப் பக்கம் மெதுவாகத்தான் நகர்ந்தது: 1879, பிறகு மோட்டார்க் கார், பிறகு 1928 ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம், பிறகு 2014 ஆம் ஆண்டு விதிகள். எங்கள் ஷெட்டுகளுக்கு இப்போது லண்டன் தீயணைப்புப் படைதான் பெற்றோலிய அதிகாரி.

நான் முதலில் வேலைக்குப் போன ஷெட்டில் சாவியும் காசுப்பெட்டியும் தந்தார்கள். இதில் ஒன்றையும் சொல்லித் தரவில்லை. இப்போது என் பொறுப்பில் புதுப் பிள்ளைகள் வந்தால் முதல் நாளே வெளியே கூட்டிப்போவேன். உயரத்தில் நிற்கும் மூச்சுக்குழாய்களைக் காட்டுவேன். பவுசர் வந்து தாங்கியில் இறக்கும்போது, உள்ளே போகும் பெற்றோல் வெளியே தள்ளுகிற ஆவி இன்னொரு குழாய் வழியே பவுசருக்கே திரும்பிப்போவதைக் காட்டுவேன். கானின் மூடிகள், மணல் வாளி, எல்லா பம்பையும் ஒரேயடியாக நிறுத்தும் சிவப்புப் பொத்தான்.

2021 செப்டெம்பரில் பெற்றோல் தட்டுப்பாடு என்று லண்டன் முழுக்க வரிசை நின்றது. ஒரு பொடியன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தான். “அண்ணை, கார் அங்கால றோட்டில நிக்குது. பம்பை ஒருக்கா விடுங்கோ, ஒரு லீட்டர்தான்.”

“தம்பி, தண்ணிப் போத்தலுக்கு விடேலாது.”

“ஊரில எல்லாம் போத்தலிலதானே அண்ணை வித்தவை.”

“ஓம். நானும் வாங்கினனான்.”

விதிப்படி பிளாஸ்ரிக் கலன் என்றால் 10 லீட்டர் வரை, உலோகம் என்றால் 20 லீட்டர் வரை. இறுக்கமான மூடியும் குறியும் இருக்க வேண்டும். 2012 மார்ச்சில் இதேபோல் ஒரு பதற்றத்தில், யோர்க் நகரத்துப் பெண் ஒருவர் சமையலறையில் பெற்றோலை ஒரு கலனிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற, காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் உடம்பு எரிந்தது. டில்பரியில் நடந்ததும் இதுவேதான், இங்கே வெடிமருந்து மட்டும் இல்லை. அவனுக்கு அதைச் சொல்லி, கடையிலிருந்த பச்சைக் கலன் ஒன்றை விற்றேன்.

புதுப் பிள்ளைகளுக்கு நான் டில்பரியைப் பற்றிச் சொல்லும்போது, வெடிமருந்துப் படகில் அடுப்பு ஏன் வைத்தார்கள் என்று கேட்பார்கள். ஒக்டோபர் மாதம், விடியாத நேரம், அந்தச் சிற்றறைதான் படகுக்காரரின் வீடு என்பேன். அடுப்பில் அவர்கள் பிழை இல்லை. அந்தப் பீப்பாய்களை அங்கே ஏற்றினவர்களின் பிழை.