இடியன் துவக்கும் வயற்காவலும்

ஏடுகளில் வழங்கும் துப்பாக்கி என்ற சொல்லும், கிழக்கிலங்கை மக்கள் நாவில் வழங்கும் துவக்கு என்ற சொல்லும் துருக்கியரின் 'துஃபெக்' என்னும் ஒரே வேரிற் பிறந்தவை. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்த பின்னர் இக்கருவி இந்நாட்டில் பரவியது. கண்டிக் கம்மியர் அதைத் தாமே செய்யவும் கற்றனர். மன்னரின் போர்க்கருவியாயிருந்தது காலப்போக்கில் உழவனின் காவற்கருவியாயிற்று. சாய்ந்தமருதுக்கு மேற்கே பரந்த வயல்வட்டைகளின் பரண்களில் அதன் பெயர் இடியன் துவக்கு.

அப்பெயரிலேயே அதன் தொழில்முறை அடங்கியுள்ளது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த மருந்தைக் குழல்வாயிற் கொட்டித் தும்பு வைத்துக் கம்பியால் இடிப்பர். ஈயச் சன்னம் இட்டு மீண்டும் தும்பு வைத்து இடிப்பர். பின்புறத்தே செப்புத் தொப்பியைப் பொருத்திய பின்னரே துவக்கு ஆயத்தமாகும். ஒரு வெடி தீர்ந்தால் இத்தனையும் மறுபடி செய்தல் வேண்டும். மாரி ஈரத்தில் மருந்து நனைந்தால் அந்த ஒரு வெடியும் இல்லை. மேலைநாடுகளில் இன்று தோட்டாவைக் கையாற் செய்தல் பலருக்குப் பொழுதுபோக்கு. நம் பரண்காவலனுக்கோ மருந்திடித்தல் விளைந்த நெல்லைக் காக்கும் பாடு.

அதே நாட்டில் வேறொரு துவக்கும் முழங்கியது. 1846இல் இங்கு வந்த சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் நிறையுள்ள றைபிளால் யானை வேட்டையாடினார். 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றாரென்பர். வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் 3,500 யானைகள் கொல்லப்பட்டதையும், அதற்கு அரசு சன்மானம் வழங்கியதையும் எமர்சன் ரெனன்ற் பதிவுசெய்துள்ளார். துரைமாரின் பெயர்களை நூல்கள் காத்தன. அவர்களின் பின்னே துவக்குச் சுமந்து நடந்தோருள் எத்தனை பேரை நாம் அறிவோம்?

பின்னர் சட்டங்கள் வந்தன. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்குக்கு உரிமம் கேட்டது. 1937இல் வனவிலங்குகளைக் காக்கவும் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டும் வேண்டியவையே. ஆயினும் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் காட்டை வயலாக்கியபோது, வழியிழந்த யானையை எதிர்கொள்ளும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது? போடியாரிடமன்று, பரணில் விழித்திருந்த கூலிக்காரனிடமே.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வீட்டிலொரு துவக்கு இருப்பதே உயிராபத்தாயிற்று. அன்று மறைக்கப்பட்டவை இன்று கூரையிடுக்கிலோ மண்ணிலோ தலைகாட்டக்கூடும். அவற்றுக்கு மருந்திட்டுப் பார்க்கும் ஆசை வேண்டா. துருவரித்த குழல் வெடித்தாற் சுடுபவனையே கொல்லும். உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமுமாகும். சட்டப்படி ஒப்படைப்போம். அதற்குமுன், அதைத் தோளிற் சுமந்தவன் எவன், எந்த வட்டையைக் காத்தான், அவனுக்குக் கிடைத்த நெல் எவ்வளவு என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்போம்.

யானை இன்றும் வயலுக்கு வருகிறது. உணவுக்குள் வெடிமருந்து பொதிந்த 'ஹக்கபட்டாஸ்' யானைக்கன்றுகளின் வாயைச் சிதைக்கிறது, மனிதரும் மாள்கின்றனர். காட்டையும் வயலையும் வரைபடத்திற் பிரித்தோரின் கணக்கில் ஏழைக் காவலாளியும் சேரவில்லை, யானையும் சேரவில்லை. அக்கணக்கைத் திருத்தும்படி கேட்பது நம் கடன்.