கல்லைப் படிக்கும் பிள்ளைகள்: ஓசூர், கிருஷ்ணகிரி வரலாற்றுச் சுற்றுலா

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம். கணக்கும் அறிவியலும் வீட்டிலேயே சொல்லித் தரலாம். ஆனால் சிற்பத்தையும் கட்டடக்கலையையும் படத்தில் பார்த்தால் போதுமா? நேரில் போய்த்தானே ஆக வேண்டும்!

ஓசூர் என்றதும் நமக்கு சிப்காட்டும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். 1970களில் வந்த அந்த அடையாளத்துக்குப் பின்னால் சில ஆயிரம் ஆண்டு வரலாறு கல்லாகவே நிற்கிறது.

முதலில் மல்லசந்திரம் போகலாம். இங்கே பாறை மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக இருக்கின்றன. சுற்றிலும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கம் வட்டமான துளை. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. ஒரு கல் இன்னொன்றைத் தாங்கிப் பிடிக்கிறது. இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. சுவரும் கூரையும் எப்படி நிற்கின்றன என்ற கட்டடக்கலையின் முதல் பாடம் இங்கேயே கிடைத்து விடுகிறது.

அடுத்தது நடுகல். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கலாம். மாடுகளைக் காக்கவும் ஊரைக் காக்கவும் சண்டையிட்டு இறந்த வீரர்களுக்கு வைத்த கற்கள் இவை. அடுக்கடுக்காகச் செதுக்கிய நடுகல்லைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழே சண்டை, நடுவில் வீரனை வானுலகம் அழைத்துச் செல்லும் பெண்கள், மேலே கடவுளின் முன் வீரன். படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் படக்கதை! எழுத்து உள்ள கற்களில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. மொழி எல்லை அன்றைக்குக் கோடாக இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

கடைசியாக இராயக்கோட்டை. 1791ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனது. ஓசூர்ப் பக்கமோ 1799 வரை திப்புவிடமே இருந்தது. மலைக்கோட்டை மேல் நின்று சுற்றிலும் பார்த்தால், எதற்காக இந்த இடத்தில் கட்டினார்கள் என்பதைப் புத்தகம் இல்லாமலே சொல்லி விடலாம்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கிருஷ்ணகிரி கிரானைட்டுக்கும் பெயர் போன ஊர். குவாரியும் வீட்டு மனையும் பெருகும் இடத்தில், காட்டோரம் கிடக்கும் நடுகல் எவருக்கும் வெறும் கல்லாகவே தெரியும். அதை உடைத்தால் ஒரே ஒரு தடவைதான் காசு. விட்டு வைத்தால் தலைமுறை தலைமுறையாகப் பாடம்.

ஆகவே இப்படிப் போகும் பிள்ளைகள் கையில் அளவு நாடாவும் நோட்டும் இருக்கட்டும். கல்லைத் தொட்டுக் கிறுக்காமல், அளந்து, வரைந்து, இடத்தைக் குறித்து வரட்டும். அந்தக் கல் நாளை காணாமல் போனாலும், அது இருந்ததற்கு அந்த நோட்டு சாட்சி சொல்லும்.