வீடே பள்ளிக்கூடமான ஒரு கவிஞர்

கலாசாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், நூலகத்தின் கடைசி அலுமாரியிலிருந்து எம்.ஏ. நுஃமான் அவர்களின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ எனக்குக் கிடைத்தது. 1981இல் முதற் பதிப்புக் கண்ட நூல். விடுதியில் இருந்த நாங்கள் நாலைந்து பேர் அதை மாறி மாறி வாசித்தோம். எதிர்ப்புக் கவிதை என்றால் துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது என்றே அன்று விளங்கி வைத்திருந்தோம். கலை விழா மேடையில் உரத்துப் படிக்கக்கூடியவற்றையே தேடித் தேடிக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். மெல்லப் பேசும் வரிகளை நாங்கள் கவனிக்கவேயில்லை.

அந்த விளக்கம் பிழையானது என்பதைப் பல வருடங்களின் பின், ஃபத்வா தூகானின் சுயசரிதையை வாசித்தபோதுதான் உணர்ந்தேன். 1985இல் அரபியில் வெளிவந்து, 1990இல் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நூல் அது. ‘மலைப் பயணம், கடினமான பயணம்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். (பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் மார்க்கத் தீர்ப்பு என்று எண்ணிவிடுவார்கள். இரண்டையும் தமிழில் ஒரே மாதிரித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அரபியில் வேர் வேறு. இந்தப் பெயர் ‘ஃபிதா’ எனும் அர்ப்பணத்தோடு உறவுடையது.)

1917இல் நப்லுஸ் நகரின் செல்வாக்குள்ள குடும்பமொன்றில் ஃபத்வா பிறந்தார். பிறந்த திகதி தாய்க்கு நினைவில்லை. தன்னுடைய உறவினர் ஒருவர் உலக யுத்தத்தில் இறந்தபோது ஃபத்வா வயிற்றில் இருந்ததாக மட்டுமே தாய் சொல்லியிருக்கிறார். அப்படியானால் என் பிறப்பத்தாட்சியை அந்த மனிதரின் கப்றிலேயே தேட வேண்டும் என்ற பொருள்படக் கவிஞர் வேடிக்கையாக எழுதுகிறார். சிரித்துக்கொண்டே வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டேன். அந்தக் குழந்தை வேண்டாம் என்று தாய் கருவைக் கலைக்க முயன்றதையும் அவர் மறைக்கவில்லை.

பதின்மூன்று வயதளவில் பள்ளி வாழ்க்கை முடிந்தது. வழியில் ஒரு பையன் கொடுத்தனுப்பிய மல்லிகைப் பூவை அவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் குற்றம். சகோதரர் யூசுபுக்குச் செய்தி போயிற்று. பள்ளிக்கூடமும் இல்லை, வெளியே போவதும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

இந்த இடத்தில் என் வகுப்பறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. பத்துப் பதினொரு வருடங்களுக்கு முன்னர், ஒன்பதாம் தரத்தில் எனக்கொரு மாணவி இருந்தாள். தமிழ்மொழித் தினப் போட்டிக்காகக் கவிதை எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் கைபேசியில் அனுப்பிய குறுஞ்செய்தி காக்காவின் கண்ணில் பட்டது. அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். அந்தக் காக்காவும் என்னிடம் படித்தவன்தான். மரியாதையாகக் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தான். “சேர், நீங்க வந்தது சந்தோசம். ஆனா இது எங்கட வீட்டு விசயம்” என்றான். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். இன்னொரு முறை போயிருக்கலாம். போகவில்லை.

ஃபத்வாவுக்கு ஒரு இப்றாஹீம் இருந்தார். இன்னொரு தமையனான இப்றாஹீம் தூகான் (1905-1941) பேரூத்தில் படிப்பை முடித்து 1929இல் ஊர் திரும்பியவர். ‘மவ்தினீ’ பாடலை இயற்றியவர். அவரும் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்கொரு தனிச் சந்தோசம் உண்டு. ஆசிரியரை வானளாவப் புகழ்ந்து அஹ்மத் ஷவ்கி எழுதிய கவிதைக்கு, ‘வந்து கொப்பி திருத்திப் பாரும்’ என்ற தொனியில் எள்ளலாகப் பதில் கவிதை எழுதியவர் அவர்.

ஒரு நாள் இப்றாஹீம் தாயிடம், தன் மாணவர்கள் இருவர் யாப்புப் பிழையின்றிக் கவிதை எழுதி வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்து வைத்தவர்கள் என்று தங்கை பெருமூச்சு விட்டது அவர் காதில் விழுந்தது. அன்றே பாடம் ஆரம்பமாயிற்று. அபூ தம்மாம் தொகுத்த ‘ஹமாஸா’விலிருந்து ஒரு கவிதையைத் தேர்ந்து, எழுதி மனனம் செய்யச் சொன்னார். ஒரு பெண் தன் சகோதரனின் மறைவுக்குப் பாடிய இரங்கற்பா அது. பழைய அரபிலக்கியத்தில் பெண்ணின் குரல் தடையின்றி ஒலித்த இடம் இரங்கற்பாதான். ஸக்ர், முஆவியா எனும் சகோதரர்களுக்காகப் பாடிய கன்ஸாவை நாமெல்லோரும் அறிவோம். நமது பகுதிப் பெண்களின் கவிகளிலும் பிரிவைச் சொல்பவை நெஞ்சில் நிற்பதை எண்ணிக்கொள்ளலாம்.

இப்றாஹீம் மீது எனக்கொரு மனக்குறையும் உண்டு. தங்கைக்கு யாப்பைக் கற்பித்தவரால் பள்ளிக்கூட வாசலை ஏன் மீண்டும் திறந்துவிட முடியவில்லை? அந்தக் குடும்பத்தில் அவருக்கிருந்த சொல்வாக்கின் எல்லை அவ்வளவுதான் போலும்.

1941இல் இப்றாஹீம் இறந்தார். முதற் பாடமாக மனனம் செய்த கவிதையின் நிலைமையிலேயே தங்கை வந்து நின்றார். அவருக்காக இரங்கற்பாக்களைப் பாடினார். ‘என் சகோதரர் இப்றாஹீம்’ என்ற நூலை 1946இல் வெளியிட்டார். இதன் பின்னர் நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மகனின் இடத்தை நிரப்புமாறும் அரசியற் கவிதை எழுதுமாறும் தந்தை மகளைக் கேட்கிறார். சந்தைக்கோ கூட்டத்துக்கோ போக விடாமல், ஆண்களின் பேச்சைக் கேட்க விடாமல் வளர்த்த பெண்ணிடம் நாட்டுக்காகப் பாடு என்கிறார். அவரால் எழுத முடியவில்லை. நாட்டுப்பற்று இல்லாமலல்ல. காணாத தெருவை எப்படிப் பாடுவது? 1948இல், நாடு பறிபோன அதே வருடம், தந்தையும் காலமானார். அதன் பின்பே, யாரும் கேட்காமலே, அந்தக் கவிதைகள் வந்தன.

1952இல் முதற் தொகுதி. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒக்ஸ்போர்டில் ஆங்கிலக் கல்வி. 1963இல் விமான விபத்தில் இன்னொரு சகோதரர் நிம்ரின் மரணம். இவற்றை விரித்தால் பக்கம் போதாது.

1967 யுத்தத்தில் நப்லுஸும் ஆக்கிரமிப்புக்குள்ளானது. எல்லைக்கு அப்பால் இருந்த கவிஞர்களை நேரில் சந்திக்க அப்போதுதான் வழி பிறந்தது. 1968இல் யாபா நகரின் இடிபாடுகளைக் கண்டபின் அவர் எழுதிய கவிதையின் பெயர் ‘அழமாட்டேன்’. ஜாஹிலிய்யாக் காலக் கவிஞன் கைவிடப்பட்ட கூடாரத் தடயங்களின் முன் நின்று அழுதுதான் கஸீதாவைத் தொடங்குவான். ஃபத்வாவும் அந்த மரபுப்படியே இடிபாட்டின் முன் வந்து நிற்கிறார். நின்று, இனி அழுவதில்லை என்று தன் இளைய கவிஞர்களுக்கு வாக்குக் கொடுக்கிறார். மஹ்மூத் தர்வீஷ் ‘ஒரு பலஸ்தீனக் காயத்தின் நாட்குறிப்பு’ எனும் கவிதையை அவருக்குச் சமர்ப்பித்துப் பதில் தந்தார்.

விமர்சகர்கள் பலர் ஃபத்வாவின் எதிர்ப்புக் கவிதையை 1967இலிருந்து கணக்கிடுகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. இருபது வருடங்கள் இரங்கற்பாவில் பழகிய ஒருவருக்குத்தான் ‘அழமாட்டேன்’ என்று சொல்லும் தகுதி வருகிறது. அழுகையின் யாப்பு அவருக்கு அத்துபடி. அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் அதனாலேயே தெரிந்திருந்தது.

2003 டிசம்பரில், இரண்டாவது இன்திபாழாவின் நடுவே, தன் 86ஆவது வயதில் நப்லுஸிலேயே அவர் மறைந்தார்.

சுயசரிதையில் நான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பது கவிதை பற்றிய பக்கத்தையல்ல. இப்றாஹீம் பாடம் தொடங்கியபோது தான் வைத்திருந்த கொப்பியின் அட்டையை ஃபத்வா விவரிக்கிறார். பெயரை எழுதினார். வகுப்பு என்ற சொல்லை வெட்டிவிட்டு, ஆசிரியர் என்று போட்டுத் தமையனின் பெயரை எழுதினார். பாடம் கவிதை. பாடசாலை என்ற இடத்தில் வீடு என்று எழுதினார்.

என் மேசை லாச்சியிலும் ஒரு கொப்பி கிடந்தது. பெயர், தரம் 9, பாடசாலை எல்லாம் ஒழுங்காக எழுதிய அட்டை. உள்ளே ஏழெட்டுக் கவிதைகள். போன நோன்புக்கு முன்னர் அதை எடுத்துக்கொண்டு அவளிருக்கும் வீட்டுக்குப் போனேன். இப்போது அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். “இது இன்னும் இருக்கா சேர்?” என்று வாங்கினாள். தான் எழுதியதை அவள் வாசிக்கவில்லை. பின்பக்கமாகத் திருப்பி, வெறும் தாள்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று பார்த்தாள்.