பெரும் தியோடலைட்டு பழுதுநீக்கம், 1808

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல் ஏற்றப்பட்டபோது, 1808ஆம் ஆண்டில், பெரும் தியோடலைட்டு என்னும் கோணம் அளக்கும் கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அதை ஆறு வாரத்தில் மீட்டெடுத்தார். அடி விழுந்தது ஒரு சிறு திருகாணியின் மேல்தான். ஆனால் கெட்டது திருகாணி மட்டும் அன்று; அது பற்றியிருந்த அளவு வட்டமும் நெளிந்துவிட்டது.

கருவி

இலண்டனில் வில்லியம் கேரி செய்த இக்கருவியின் கிடை வட்டம் 36 அங்குல விட்டம் உடையது. மொத்த எடை ஏறத்தாழ அரை டன். கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீசியசு போய், பின்னர் அவர்களாலேயே சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டது. லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்தப் பணியே பின்னர் பெரும் முக்கோணவியல் நில அளவையாக வளர்ந்தது.

அதன் முதுகெலும்பான நெடுங்கோடு 78ஆம் கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டி வடக்கே சென்றது. ஏற்காடும் சேர்வராயன் மலையும் அக்கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே உள்ளன. அத்தகைய மலைநாட்டில் தொலைவுப் பார்வைக்கு உயரம் தானாகக் கிடைத்துவிடும். காவிரிப் படுகையிலோ தரை தட்டை. தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. எனவே கோயில் கோபுரங்களே மலைகளாயின.

விபத்து

கருவியைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்தனர். சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடித்திருந்த பக்கக்கயிறு அறுந்தது. பெட்டி ஊசலாடிச் சுவரில் மோதி உடைந்தது. கருவியின் வட்டத்தை இம்மி இம்மியாக நகர்த்தும் நுண்திருகாணியும் அதன் கவ்வியும் முழு அடியையும் வாங்கின. அவை வட்டத்தின் விளிம்பைப் பிடித்திருந்தமையால் விளிம்பும் வளைந்தது.

இதன் கடுமை ஒரு சிறு கணக்கில் விளங்கும். 18 அங்குல ஆரத்தில் விளிம்பு ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு விலகினால் கோணத்தில் ஏறத்தாழ 2 கலை பிழை நேரும். 20 மைல் தொலைவில் அது ஏறத்தாழ 59 அடி. கோணங்களை விகலை வரை கணக்கிட்ட பணிக்கு இது ஆகாது.

பழுது நீக்கிய முறை

பின்னாளில் சியார்ச் எவரெசுட்டு எழுதிவைத்த விவரப்படி, லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் அடைந்துகொண்டார். தலைமைக் கைவினைஞரைத் தவிர வேறு எவருக்கும் உள்ளே இடமில்லை. கருவி முழுவதும் கழற்றப்பட்டது.

கழற்றுவது என்பது இன்று தோன்றுவது போல எளிய வேலை அன்று. அக்காலத் திருகாணிகளுக்குப் பொது அளவு கிடையாது. சோசப் விட்வொர்த்து மரைகளுக்குப் பொது அளவு முன்மொழிந்ததே 1841இல்தான். ஒவ்வொரு திருகாணியும் அதனதன் துளைக்கே பொருந்தும். தலை மழுங்கினால் கடையில் மாற்று வாங்க வழியில்லை. ஒற்றை வெட்டுள்ள தலையில் திருப்புளி சற்றே வழுக்கினாலும் பக்கத்து உலோகத்தில் கீறல் விழும். இன்றும் பட்டறையில் தலை மழுங்கிய திருகாணியை எடுப்பவர் முதலில் எண்ணெய் விட்டு ஊறவைப்பார். வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியைத் தேடுவார். எதுவும் பலிக்காதபோதுதான் திருகாணியின் நடுவில், அதன் தண்டைவிடச் சிறிய துளையிட்டு, சுற்றியுள்ள மரையைத் தொடாமல் எடுப்பார். கெட்டதைக் காட்டிலும் கெடாததன் மேல்தான் அவர் கவனம் இருக்கும்.

லாம்டனுக்குக் கெடாமல் காக்க வேண்டியிருந்தவை வட்டத்தில் வெட்டப்பட்ட அளவுக் கீறல்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்தினால் உலோகம் நசுங்கிக் கீறல்களின் இடைவெளி மாறும். எனவே அவர் பெரிய தட்டைப் பலகை ஒன்றில் தேவையான அளவுக்குத் துல்லியமாக ஒரு வட்டம் வெட்டினார். நெளிந்த விளிம்பை ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் சிறிது சிறிதாக வெளியே இழுத்து அந்த வட்டத்தோடு பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களை மரத்தாலான சிறு கொட்டாப்புளிகளால் தட்டிச் சீராக்கினார். மரம் உலோகத்தைவிட மென்மையானது, தழும்பு விழாது. ஒரு திருகாணி வழியே வந்த கேட்டைச் சரிசெய்யவும் திருகுகளே பயன்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

ஆறு வார முடிவில் வட்டம் ஏறக்குறையப் பழைய வடிவுக்கு வந்தது. முற்றிலும் வந்ததாக எவரும் சொல்லவில்லை. அந்த நேர்மை பாராட்டுக்குரியது. எஞ்சிய கோணலின் விளைவைக் குறைக்க வட்டத்தின் எதிரெதிர் இடங்களில் அளவு படித்துச் சராசரி எடுக்கலாம். நடுப்புள்ளி விலகலால் ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைந்து ஈடாகும்.

பின்னர்

லாம்டன் 1823 சனவரி 20 அன்று இங்கன்காட்டில் இறந்த பின் பொறுப்பேற்ற எவரெசுட்டும் இதே கருவியைக் கொண்டு நெடுங்கோட்டைத் தொடர்ந்தார். மலைச்சிகரத்தின் பெயரால் எவரெசுட்டை உலகம் அறியும். அந்தக் கூடாரத்தின் ஆறு வாரங்களைப் பற்றிப் பாடநூல்களில் ஒரு வரிகூடக் காண்பது அரிது. பின்னர் இலண்டனிலிருந்து வந்த என்றி பாரோ என்னும் கருவிச் செய்நர் இதைப் புதுப்பித்தார். பாரோவுக்குப் பின் 1843இல் நில அளவைத் துறையின் கருவிச் செய்நராக அமர்த்தப்பட்டவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொகிசின் உசேன். பெரும் தியோடலைட்டு இப்போது தேராதூனில், இந்திய நில அளவைத் துறையின் பாதுகாப்பில் உள்ளது.