சொந்த நூலகத்துக்கு ஒரு வடிவம்

ஏட்டினின்று அச்சுக்குத் தமிழ் மாறிய காலத்தில், பெயர்த்தெழுதப் பெறாத சுவடிகள் பல செல்லுக்கு இரையாயின. மின்னூலைச் செல் அரிப்பதில்லை. அதன் வடிவமே வழக்கொழிகின்றது.

1971ஆம் ஆண்டில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம், அணிமணி ஏதுமற்ற வெற்றெழுத்துக் கோப்புகளை வெளியிட்டது. அழகற்றவைதாம், எனினும் இன்றும் திறக்கின்றன. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கொணர்ந்த ‘லிட்’ வடிவமோ 2012இல் கைவிடப்பட்டது. இத்தனைக்கும் அது பெருநிறுவனம்!

தமிழுக்கு இடர் இரட்டிப்பு. 1998இல் பிறந்த மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள், தமிழுக்கெனத் தனியே வகுத்த எழுத்துக் குறியீடுகளில் அமைந்தமையால், பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது.

ஆகவே, ஒரே வடிவத்தைத் தேர்வோருக்கு, 2007இல் பொதுத்தரமான ‘இபப்’ வடிவமே, ஒருங்குறி எழுத்துடன், ஏற்றது. பூட்டிடப் பெறாத இபப் கோப்பு இணையப் பக்கங்களை ஒத்த பக்கங்களின் கட்டு. படிக்கும் மென்பொருள் மறைந்தொழியினும், கட்டை அவிழ்த்து எழுத்தை மீட்டுக்கொள்ளலாம்.